பலேடியமா, தங்கமா, செப்பா? கரைப்பான் இல்லாத தாக்கத்துக்கு எந்த நனோ ஊக்கி

கொழும்பில் இறுதியாண்டு ஆய்வுக்குக் கரைப்பான் இல்லாத தாக்கம் ஒன்றை எடுக்கும் மாணவர்கள் முதலில் கேட்பது, ஊக்கியாக, அதாவது தாக்கத்தை விரைவாக்கும் நனோ துணிக்கையாக, எந்த உலோகத்தைப் போட்டால் கூடுதல் விளைவு கிடைக்கும் என்றுதான். பொருத்தமான தாக்கம் கிடைத்தால் மூன்றுமே நல்ல விளைவு தரும். நான் முதலில் கேட்பது வேறு: தாக்கம் முடிந்தபின் குடுவையில் இருப்பது திரவமா, திண்மமா?

திரவம் என்றால் என் தெரிவு பலேடியத்தோடு சேர்ந்த தங்கம். 2006இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் கிரஹாம் ஹச்சிங்ஸின் குழு, தங்கமும் பலேடியமும் சேர்ந்த நனோ துணிக்கைகளை டைட்டேனியம் ஈரொட்சைட்டின் மேல் ஏற்றி, பென்சைல் அற்ககோலை ஒட்சிசன் கொண்டே பென்சல்டிகைட்டாக மாற்றிக் காட்டியது. தொடக்கப் பொருளும் திரவம், விளைபொருளும் திரவம். ஊக்கியை வடிகட்டி எடுத்தால் பிரிப்பு முடிந்தது, கழுவ ஒரு போத்தல் கரைப்பான் தேவையில்லை. ஆனால் ஒட்சிசனோடு சூடான அற்ககோல் விளையாட்டல்ல. வெப்பத்தை வாங்கிக்கொள்ளக் கரைப்பானும் இல்லை. சிறிய அளவில், வெப்பமானியை விட்டுக் கண்ணெடுக்காமல் செய்ய வேண்டும்.

பலேடியத்தின் பலம் காபன்–காபன் பிணைப்பு. 2010இன் நோபல் பரிசு அதற்குத்தான் போனது. பந்து அரைப்பானில் போட்டு அரைத்தே, அப்படி இரு காபன் துண்டுகளைப் பிணைக்கும் சுசுகி இணைப்பைச் செய்யலாம். சிக்கல் அப்புறம்தான் வருகிறது. துணிக்கையிலிருந்து உலோகம் கசிந்து விளைபொருளோடு போய்விடும். வாயால் எடுக்கும் மருந்தில் பலேடியத்துக்குச் சர்வதேச வழிகாட்டல் அனுமதிப்பது நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம், செப்புக்கு 3000. அந்த 100க்குக் கீழே இறக்க, கரைப்பான் ஊற்றிப் பிரிக்கும் நிரலில் ஓட்டினால், மிச்சம் பிடித்த கரைப்பானைவிடக் கூடுதலாகச் செலவாகலாம்.

விளைபொருள் திண்மம் என்றால், அதிலும் அசைட்டிலிருந்து செய்யும் திரையசோல் (மூன்று நைதரசன் கொண்ட வளையச் சேர்மம்) என்றால், செப்பைத்தான் சொல்வேன். மலிவு, கசிவுக்கும் இடம் அதிகம். அரைப்பானில் போடும் செப்புப் பந்துகளே ஊக்கியாக வேலை செய்வதும் உண்டு. காந்தம் கவரும் இரும்பு ஒட்சைட்டான மக்னடைற்றின் மேல் ஏற்றினால் காந்தத்தால் இழுக்கலாம் என்று கட்டுரைகள் சொல்லும். சரி, ஆனால் கட்டியான பசையில் காந்தம் எதையும் இழுக்காது. கொஞ்சம் சூடான எதனோல் விட்டுக் கரைத்த பிறகுதான் கறுப்புத் தூள் குடுவைச் சுவரில் ஒட்டும். கொழும்பின் ஈரக் காற்றில் திறந்து வைத்த செப்பு நனோ தூள் ஒட்சியேறிவிடும். தயாரித்த கையோடு மூடி, நைதரசனுக்குள் வையுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சிறிய அசைட்டுகளை அரைப்பானில் போடாதீர்கள். அடிபட்டால் வெடிக்கும். மூலக்கூறில் காபன், ஒட்சிசன் அணுக்களின் கூட்டுத்தொகை நைதரசன் அணுக்களின் மூன்று மடங்குக்குக் குறைவாக இருந்தால் தொடவே வேண்டாம்.

எதை எடுத்தாலும், பிரிக்கவும் கழுவவும் போன எதனோல், எதைல் அசற்றேற்று போன்ற கரைப்பான்களையும் எடை பார்த்து அறிக்கையில் எழுதுங்கள்.