சிப்பிப் பண்ணைக்குத் தூண் துறையா, மிதவைத் துறையா?

நியூயார்க் மாநிலத்தின் பெக்கானிக் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பவர் படகுத்துறை கேட்டால், 1972-ஆம் ஆண்டின் கடலோர மண்டல மேலாண்மைச் சட்டத்தையொட்டிய மாநிலக் கொள்கைகளோடு அது ஒத்துப்போகிறதா என்ற கேள்வி எழும். தண்ணீரை நம்பியே நடக்கும் தொழில் என்பது விண்ணப்பதாரருக்குப் பலம். ஆனால் எந்தத் துறை: தூண்கள் மேல் நிலையாக நிற்பதா, நீரில் மிதப்பதா?

வேலைக்கு மிதவைதான் வசதி. ஓதத்தில் நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் படகோடு சமமாக நிற்கும். நீர் சொட்டும் கனத்த கூண்டுகளை நிமிர்த்தித் தூக்க வேண்டாம். பனிக்காலத்தில் கழற்றிக் கரையேற்றலாம்.

கெடுதல் அடியில் இருக்கிறது. மிதவை வெளிச்சத்தை அடியோடு மறைத்துவிடும். ஆழமற்ற இடத்தில் நீர் வற்றும்போது தரையில் உட்கார்ந்து கடற்புல்லை நசுக்கும். 1985-இல் நுண்பாசி பெருகி நீரைப் பழுப்பாக்கிய ‘பழுப்பு அலை’க்குப் பிறகு இங்கே ஸ்காலப் சிப்பிகள் அழிந்ததை மறக்க முடியுமா? அவற்றின் குஞ்சுகள் ஒட்டி வளர்வது அந்தப் புல்லில்தான்.

தூண் துறையை உயர்த்தி, வடக்கு தெற்காக அமைத்து, கம்பி வலைத் தளம் போட்டால் வெயில் நகர்ந்து நகர்ந்து உள்ளே விழும். செம்பும் ஆர்செனிக்கும் ஏற்றிய மரத்தூண்களை மட்டும் நான் ஏற்க மாட்டேன். கடற்புல் உள்ள இடத்தில் என் ஓட்டு தூணுக்கே. புல்லில்லாத, ஆழமான ஓடை முகத்தில் மிதவைக்குத் தாராளமாக அனுமதி தரலாம்.