மஞ்சள் பெட்டிக்குள் நிறுத்தினால்தான் பயணம் முடியும்: தெம்பனிஸில் மூன்று வாரம்

நான் பிறந்து வளர்ந்தது சிங்கப்பூரின் தெம்பனிஸ் நகரில். 2016 கடைசியில் வேலைக்காக லண்டன் போய்விட்டேன். நான் கிளம்பிய சில மாதங்களிலேயே சிங்கப்பூரில் பகிர்வு சைக்கிள்கள், அதாவது போன் செயலியால் பூட்டைத் திறந்து வாடகைக்கு ஓட்டும் சைக்கிள்கள், வந்திறங்கின. அதனால் சொந்த ஊரிலேயே எனக்குத் தெரியாத ஒரு சேவையாக அது இருந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் மூன்று வார விடுப்பில் போனபோதுதான் அதை முதன்முதலாகப் பயன்படுத்தினேன். கற்றுக்கொடுத்தது என் அம்மா. அவருக்கு வயது 66.

அம்மா சின்ன வயதில் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருந்தபோது பெரிய மாமாவின் சைக்கிளில் அரைப்பெடல் போட்டு ஓட்டக் கற்றவர். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த பிறகு சைக்கிளைத் தொடவே இல்லை. எங்கே வைப்பது? வீட்டுக்குள் இடமில்லை, தாழ்வாரத்தில் வைத்தால் போகிற வருகிறவர்களுக்கு இடைஞ்சல். நாற்பது ஆண்டுகள் அப்படியே போய்விட்டன. இப்போது காலை ஏழு மணிக்குக் கைப்பையில் போனைப் போட்டுக்கொண்டு எங்கள் புளோக்குக்கு, அதாவது அடுக்குமாடிக் கட்டடத்துக்கு, கீழே இறங்குகிறார், ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஈரச்சந்தைக்குப் போகிறார், மீனும் கீரையும் முன்கூடையில் வைத்துக்கொண்டு திரும்பி வருகிறார். வந்ததும் சைக்கிளைப் பற்றிய கவலை அவருக்கு இல்லை. காற்றடிக்க வேண்டாம், துருப்பிடிக்குமே என்று யோசிக்க வேண்டாம். நான் ஊருக்கு வந்த முதல் நாள் காலையில் ஜன்னல் வழியாக அவர் திரும்பி வருவதைப் பார்த்தேன். அது என் அம்மாதானா என்று ஒரு நிமிடம் புரியவில்லை.

அம்மா சைக்கிளைத் தேர்ந்தெடுக்கும் விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வரிசையில் பத்து நின்றால் முதலில் கிடைப்பதை எடுக்க மாட்டார். முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளிப் பார்ப்பார், நகரக் கூடாது. பெடலைப் பின்பக்கமாக ஒரு சுற்று சுற்றிச் சங்கிலி கழன்றிருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கைத் தண்டில் எண்கள் போட்டிருக்கும், அவருக்கு 2. இத்தனையும் முடிந்த பிறகுதான் போனை வெளியே எடுப்பார். “ஸ்கேன் பண்ணிட்டா காசு ஓட ஆரம்பிச்சிரும். பாக்குறதெல்லாம் முன்னாடியே பாத்துக்கணும்” என்றார். பாரிஸில் பழுதான சைக்கிளின் இருக்கையைப் பின்பக்கமாகத் திருப்பிவைத்து அடுத்தவருக்கு அடையாளம் காட்டும் பழக்கம் உண்டு. அதைச் சொன்னேன். மறுநாளே பிரேக் போன ஒன்றின் இருக்கையை அம்மா திருப்பி வைத்துவிட்டு வந்தார்.

இனி பணம் கட்டும் கதை. இப்போது எனிவீல், ஹலோரைட் என்ற இரண்டு நிறுவனங்களின் சைக்கிள்களைத்தான் எங்கும் பார்க்க முடிகிறது. முன்னது பச்சை, பின்னது நீலம். செயலியை இறக்கி, போன் எண்ணைப் பதிந்து, குறுஞ்செய்தியில் வரும் எண்ணைத் தட்டி, வங்கி அட்டையைச் சேர்த்தால் கணக்கு தயார். என் பழைய சிங்கப்பூர் எண் எப்போதோ காலாவதியாகிவிட்டது. பிரிட்டன் எண்ணையே கொடுத்தேன், குறுஞ்செய்தி வந்தது. ஊருக்கு வரும்போது வேறு சிம் போட்டுக்கொள்கிறவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு: அட்டையைச் சேர்க்கும்போது உங்கள் வங்கி நீங்கள் வழக்கமாக வைத்திருக்கும் எண்ணுக்குத்தான் சரிபார்ப்புச் செய்தி அனுப்பும். அந்த சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு சைக்கிள் பக்கத்தில் நின்றுகொண்டு பதிவு செய்யப் பார்த்தால் நடக்காது. இதை வீட்டிலேயே, முதல் நாள் இரவே முடித்துவிடுங்கள்.

நான் போனபோது கட்டணம் அரை மணி நேரத்துக்கு ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வைப்புத்தொகை கேட்கவில்லை. 30 நாள் பாஸும் உண்டு. அதை வாங்கிவிட்டால் ஒவ்வொரு பயணத்திலும் முதல் அரை மணிக்குத் தனியாகக் காசு கிடையாது, அதைத் தாண்டினால் மட்டும் கட்ட வேண்டும். அம்மாவின் பாஸைத் தம்பி தன் அட்டையில் மாதாமாதம் வாங்கிக் கொடுக்கிறான். நான் முதல் இரண்டு நாள் ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாகக் கட்டினேன். வங்கிக் கணக்கைப் பார்த்தால் ஒவ்வொரு ஒரு வெள்ளிக்கும் வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அப்புறம் நானும் பாஸ் வாங்கிவிட்டேன். ஒரு வாரத்துக்கு மேல் தங்குகிறவர்கள், வெளிநாட்டு அட்டை வைத்திருக்கிறவர்கள், யோசிக்காமல் ஒரே தடவையாகக் கட்டிவிடுவது நல்லது.

ஆனால் இந்தச் சேவையில் பணம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஓட்டுவதைவிட நிறுத்துவதில்தான் இருக்கிறது என்பேன். அதை நான் ஐந்து வெள்ளி கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் தெம்பனிஸ் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்துக்குப் போய், சைக்கிளைத் தரையில் மஞ்சள் கோடு போட்ட பெட்டிக்குள் ஒழுங்காக நிறுத்தி, பின்சக்கரப் பூட்டின் நெம்புகோலை அழுத்தினேன். ‘டக்’ என்று பூட்டிக்கொண்டது. லண்டனில் 2010-லிருந்து இருக்கும் நகர சைக்கிள் சேவையில் வண்டியைத் தூணுக்குள் தள்ளிப் பச்சை விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது. அந்தப் பழக்கத்தில் போனைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன். மாலையில் பார்த்தால் ஐந்து வெள்ளி கழிந்திருந்தது. காரணம், அந்த மஞ்சள் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த கியூஆர் குறியீட்டை நான் ஸ்கேன் செய்யவில்லை. இங்கே இரண்டு ஸ்கேன்: எடுக்கும்போது சைக்கிளில் உள்ளதை, விடும்போது தரையிலோ கம்பத்திலோ உள்ளதை. இரண்டாவது இல்லாமல் பயணம் ஒழுங்காக முடிந்ததாகக் கணக்கில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. பெட்டிக்குள்தானே நிறுத்தினேன்! இரவு சாப்பாட்டின்போது தம்பிதான் பழைய கதையை ஞாபகப்படுத்தினான். அவன் கல்யாணத்துக்காக 2018 தொடக்கத்தில் நான் வந்திருந்தபோது பார்த்த காட்சி மறக்கக்கூடியதில்லை. படிக்கட்டுக்குக் கீழே சைக்கிள், புல்வெளியில் சைக்கிள், கால்வாய்க்குள் தலைகுப்புற சைக்கிள். அந்தக் காலகட்டத்தின் உச்சத்தில் இந்தச் சிறிய தீவில் ஏறத்தாழ 2,00,000 பகிர்வு சைக்கிள்கள் இருந்தன. எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம், எங்கே வேண்டுமானாலும் விடலாம் என்பதுதான் அப்போதைய விளம்பரமே. சக்கர நாற்காலியில் போகிற எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி நடைபாதையில் கிடந்த சைக்கிளைத் தாண்ட முடியாமல் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். பிறகு நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. ஒன்று போனபோது தம்பி கட்டிய வைப்புத்தொகையும் கூடவே போனது.

2018 மார்ச்சில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் உரிமம் இல்லாமல் யாரும் இந்தத் தொழில் செய்ய முடியாது என்றானது. 2019 ஜனவரியிலிருந்து நிறுத்துமிடக் குறியீட்டை ஸ்கேன் செய்வது கட்டாயம். தவறினால் ஐந்து வெள்ளி. ஓராண்டுக்குள் மூன்று முறை அப்படிச் செய்தால் ஒரு மாதம் வரை எந்த நிறுவனத்தின் சைக்கிளையும் எடுக்க முடியாமல் தடை விதிக்கலாம் என்றும் விதி வந்தது. தம்பி சொல்லி முடித்தபோது என் கோபம் இறங்கிவிட்டது. பாட்டி இப்போது இல்லை. ஆனால் அவர் நின்ற அந்த நடைபாதை இப்போது வெறிச்சென்று சுத்தமாக இருக்கிறது. அதற்கு ஐந்து வெள்ளி சரியான விலைதான்.

எந்தப் பாதையில் ஓட்டுவது என்பதும் மாறியிருக்கிறது. தெம்பனிஸ்காரர்களுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. நடைபாதையில் சைக்கிள் ஓட்ட நாட்டிலேயே முதலில் அனுமதி கிடைத்தது எங்கள் நகரில்தான், 2010-ல். இப்போது சைக்கிள் பாதையை ஒட்டியே நடைபாதையும் இருக்கிற இடங்களில், நடப்பவர்களுக்கு மட்டும் என்று குறியிட்ட பாதையில் ஓட்டக் கூடாது. 2025 ஜூலை 1 முதல் அது குற்றம். மற்ற நடைபாதைகளில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதைகளில் 25. சாலையில் இறங்கினால் தலைக்கவசம் வேண்டும். விடுப்பில் வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனக்கும் அம்மா சொல்லித்தான் தெரியும்.

பிடோக் நீர்த்தேக்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். நீரைச் சுற்றி நாலு கிலோமீட்டருக்கு மேல் பாதை, மர நிழல், நிதானமாக ஓட்ட அருமையான இடம். நான் உட்கார நினைத்த இடத்தில் மஞ்சள் பெட்டி எதுவும் கண்ணில் படவில்லை. பூட்டிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பூட்டினாலும் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். போகும் இடத்தில் பெட்டி இருக்கிறதா என்று செயலியின் வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்துவிடுவதுதான் சரி.

அங்கேதான் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து வேலை செய்யும் ஒரு தம்பியைச் சந்தித்தேன். காக்கி புக்கிட்டில் தங்கும் விடுதி. இரவு வேலை முடிந்து எம்ஆர்டியில் இறங்கி விடுதிக்கு நடந்தால் கால் மணி நேரம், சைக்கிளில் ஐந்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத் தூக்கம் தனக்குப் பெரிது என்றார். சம்பளம் வரும் கணக்கின் அட்டையையே செயலியில் சேர்த்திருக்கிறார். பாஸ் முடிகிற தேதி அவருக்கு மனப்பாடம். ஊரில் இருக்கும்போது கடையில் பேரும் நேரமும் எழுதிக்கொடுத்து மணிக்கணக்கு வாடகைக்கு சைக்கிள் எடுத்த பேச்சு வந்தது. எனக்கும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் அப்பாவின் அடையாள அட்டையைப் பிணையாகக் கொடுத்து எடுத்தது ஞாபகம் வந்தது. நேரம் முடிவதற்குள் திருப்பிக் கொடுக்க வேகவேகமாக மிதித்தது இரண்டு பேருக்கும் பொதுவான நினைவு.

என் ஐந்து வெள்ளிக் கதையைச் சொன்னதும் அவர் போனைத் திறந்து காட்டினார். வரிசையாகப் படங்கள். மஞ்சள் பெட்டி, அதற்குள் சைக்கிள், பக்கத்தில் குறியீடு. ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் ஒரு படம். “அஞ்சு வெள்ளிங்கிறது எங்களுக்கு ஒரு நேரச் சாப்பாடுக்கா. கேள்வி வந்தா காட்டணும்ல” என்றார்.

அவர் சொன்ன அந்தப் பழக்கம் மறு வாரமே எனக்குக் கைகொடுத்தது. எங்கள் புளோக்குக்கு எதிரே இருக்கும் பெட்டியின் குறியீட்டை யாரோ சாவியால் கீறிவைத்திருந்தார்கள். போனை முன்னால் பின்னால் நகர்த்தினேன், சாய்த்துப் பார்த்தேன், கைக்குட்டையால் துடைத்தும் பார்த்தேன். எடுக்கவே இல்லை. பக்கத்துப் பெட்டிக்குத் தள்ளிக்கொண்டு போக நேரமில்லை, அம்மாவுக்கு மருத்துவச் சந்திப்பு. கீறிய குறியீட்டையும் சைக்கிளையும் சேர்த்துப் படமெடுத்துவிட்டு ஓடினேன். எதிர்பார்த்தபடி ஐந்து வெள்ளி கழிந்தது. செயலியின் உதவிப் பகுதியில் படத்தோடு எழுதினேன். முதலில் வந்தது பொத்தாம்பொதுவான பதில். விதியைத்தான் திரும்பச் சொல்லியிருந்தார்கள். மறுபடியும் படத்தை அனுப்பி, ‘இந்தக் குறியீட்டை நீங்கள் ஸ்கேன் செய்து பாருங்கள்’ என்று கேட்டேன். நான்காம் நாள் பணம் திரும்பியது. படம் இல்லையென்றால் என்னால் எதையும் காட்டியிருக்க முடியாது. விதியைக் கடைப்பிடிக்க வேண்டியது பயனர் என்றால், அந்தக் குறியீடு வாசிக்கும்படி இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் ஒருவர் இருக்க வேண்டும். எண்பது வயதுக்காரர் ஒருவர் அந்த இடத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வார் என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

அம்மா ஆற்றாமைப்பட்டுக்கொண்டு உட்காரவில்லை. மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்றே அக்கம்பக்கக் குறைகளைத் தெரிவிக்கும் ஒன்சர்வீஸ் என்ற அரசுச் செயலியில் இடத்தையும் புளோக் எண்ணையும் போட்டுப் புகார் கொடுத்துவிட்டார். அதுவரை அந்தப் பெட்டியைப் பயன்படுத்துகிறவர்களுக்காக ஒரு ஏற்பாடும் செய்தார். எங்கள் புளோக்கில் காலையில் சந்தைக்குப் போகும் பெண்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. அதில் குரல் பதிவு போட்டார்: “எதிர் புளோக்குல ஸ்கேன் ஆகாது. விளையாட்டு மைதானம் பக்கத்துல உள்ள பெட்டிக்குப் போங்க, அது நல்லா இருக்கு.” சீன, மலாய்ப் பெண்மணிகளும் அந்தக் குழுவில் இருப்பதால் அதையே ஆங்கிலத்திலும் மலாயிலும் சொன்னார்.

நான் லண்டன் திரும்பும் நாளில் பாஸில் இன்னும் பன்னிரண்டு நாள் மிச்சம் இருந்தது. அதிகாலையில் கடைசியாக ஒரு முறை அம்மாவோடு சந்தைக்குப் போனேன். அவர் முன்னால், நான் பின்னால். திருப்பங்களில் மணியடித்து, நடப்பவர்கள் நகர்ந்ததும் தலையசைத்து நன்றி சொல்லிக்கொண்டே போனார். திரும்பி வந்து மைதானத்துப் பெட்டியில் இரண்டு பேரும் ஸ்கேன் செய்தோம், படமெடுத்தோம்.

ஹீத்ரோவில் இறங்கிப் போனைத் திறந்தால் அம்மாவிடமிருந்து ஒரு படம். எதிர் புளோக்கின் மஞ்சள் பெட்டி, பளபளவென்று புதிய குறியீடு. கீழே ஒரே வரி: “மாத்திட்டாங்க. ஸ்கேன் ஆகுது.”