அமாயா, அகிரா, நவோமி, ஹனா: ஜப்பானியர் காதில் எது பெண் பெயர்?

பெண் குழந்தைக்கு ஜப்பானியச் சாயலில் அபூர்வமான பெயர் வேண்டும் என்று தேடப் புகுந்தால் இந்த நான்கும் எதிர்ப்படாமல் போகாது. நான்கும் சின்னப் பெயர்கள், நான்கும் உயிரொலியில் முடிபவை, எந்த ஊர் ஆசிரியரும் வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் தடுமாறாமல் கூப்பிடலாம். பட்டியல்களில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் அழகான பொருளும் அச்சாகியிருக்கும். அந்தப் பொருளை நம்பித்தான் பலரும் முடிவெடுக்கிறார்கள். என் சண்டை அதனோடுதான்.

ஜப்பானில் ஒலியை மட்டும் வைத்துப் பெயருக்குப் பொருள் சொல்ல முடியாது. பெற்றோர் எந்தக் கான்ஜி (சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும்) எழுத்துகளில் எழுதுகிறார்களோ, அதுதான் பொருள். வெயிலைக் குறிக்கும் எழுத்தையும் அவோய் என்ற பூச்செடியைக் குறிக்கும் எழுத்தையும் சேர்த்து எழுதும் பெயர் அண்மை ஆண்டுகளில் அங்கே பெண் குழந்தைகளிடையே கொடிகட்டிப் பறக்கிறது. அதை ஒரு வீட்டில் ஹிமாரி என்பார்கள், இன்னொரு வீட்டில் ஹினாதா, மற்றொன்றில் ஹியோரி. ஆண்டுதோறும் பெயர்ப் பட்டியல் வெளியிடும் மெய்ஜி யாசுதா ஆயுள் காப்பீட்டு நிறுவனம் எழுத்துக்கு ஒரு வரிசையும் உச்சரிப்புக்கு இன்னொரு வரிசையும் தருவது இதனால்தான்.

எழுத்தையும் இஷ்டத்துக்கு எடுத்துவிட முடியாது. பொதுப் பயன்பாட்டுக்கான 2,136 எழுத்துகள், பெயர்களுக்கென்றே தனியாக அனுமதித்த 863 எழுத்துகள், இவற்றோடு ஒலியெழுத்துகளான ஹிரகானா, கதகானா. அவ்வளவுதான். 2004-ல் அரசுக் குழு ஒன்று பெயருக்கான எழுத்துகளைக் கூட்ட முனைந்தபோது, முதல் வரைவில் மலத்தையும் பிணத்தையும் குறிக்கும் எழுத்துகளும் இடம்பிடித்துவிட்டன. மக்கள் கொதித்த பிறகு எடுத்தார்கள். எந்தத் தகப்பன் அந்த எழுத்தைக் கேட்டு வரிசையில் நிற்பான் என்று அந்தக் குழு நினைத்ததோ! 1993-ல் டோக்கியோ பெருநகரப் பகுதியின் அகிஷிமாவில் ஒரு தந்தை தன் மகனுக்கு ‘அகுமா’, அதாவது பிசாசு என்று பெயர் வைக்கப்போய் வழக்கே நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆக, குழுவை மட்டும் குறை சொல்வதற்கில்லை. இன்னொரு செய்தி: குடும்பப் பதிவேடான கோசெகியில் 2025 மே மாதம் வரை பெயரின் உச்சரிப்பே பதிவாகவில்லை, எழுத்து மட்டும்தான். இப்போதுதான் உச்சரிப்பையும் சேர்க்கிறார்கள்.

இந்தப் பின்னணியோடு நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். என் உரைகல் இரண்டு. ஜப்பானியர் ஒருவர் காதில் விழுந்ததும் இது பெண்ணின் பெயர் என்று தோன்ற வேண்டும். தமிழில் எழுதினால் நம் வாயில் சரியாக வர வேண்டும்.

அமாயாவுக்கு எதிரே எல்லாப் பட்டியலிலும் இருப்பது ‘இரவு மழை, ஜப்பானிய மொழி’. கேட்க இனிமைதான், ஆனால் நிற்காது. மழை பெய்யும் இரவுக்கு ஜப்பானிய மொழியில் உள்ள சொல் ‘அமயோ’. பழம்பெரும் ஜப்பானிய நாவலான ‘கெஞ்சியின் கதை’யில் மழை இரவொன்றில் இளைஞர்கள் கூடிப் பெண்களைப் பற்றி வாய் ஓயாமல் பேசும் ஒரு பகுதி உண்டு, அதற்கு வழங்கும் பெயரிலேயே இந்த அமயோ இருக்கிறது. அமாயா என்று ஜப்பானியரிடம் சொன்னால் அவருக்கு நினைவுக்கு வருவது குடும்பப் பெயர். ‘ராமசாமிக் கவுண்டர்’ என்பதில் பின்பாதியை மட்டும் எடுத்துக் குழந்தைக்கு வைத்ததுபோல் விழிப்பார்.

அமாயாவின் உண்மையான பிறந்த வீடு ஸ்பெயினின் வடக்கு. பாஸ்க் மொழியில் அதற்கு ‘முடிவு’ என்று பொருள். பாஸ்க் எழுத்துமுறையில் Amaia என்று எழுதுவார்கள். 1879-ல் நூலாக வந்த நவரோ வில்யோஸ்லாதாவின் வரலாற்று நாவலுக்கு அதுதான் தலைப்பு. நாயகியின் பெயர் வீடுகளுக்குள் புகுந்தது, 1920-ல் இசையமைப்பாளர் கூரிதி அந்த நாவலை ஓபராவாக்கினார். 2018-ல் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் ஸ்பெயினுக்காகப் பாடிய இளம்பெண்ணும் ஓர் அமாயாதான். அமெரிக்காவிலும் 1990-களின் இறுதியிலிருந்து இது பரவியிருக்கிறது. நமக்கு இன்னும் பக்கத்தில், இலங்கையில் சிங்களக் குடும்பங்களில் அமாயா சாதாரணமாகக் காதில் விழும் பெயர். சம்ஸ்கிருதத்தில் ‘அமாய’ என்றால் சூதுவாது இல்லாத என்று பொருள், அந்த வழியில் அழகாகவே நிற்கிறது. தமிழ் எழுத்தில் கோளாறு எதுவும் இல்லை. பிடித்திருந்தால் தாராளமாக வையுங்கள், ஜப்பானை மட்டும் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

அகிராவின் சங்கதி நேர் எதிர். இது ஐயத்துக்கு இடமில்லாத ஜப்பானியப் பெயர், ஆனால் பெரும்பாலும் ஆண் பெயர். இயக்குநர் குரோசாவா, ‘டிராகன் பால்’ சித்திரக்கதை வரைந்த தொரியாமா இருவரும் அகிராக்கள். ஒளி, தெளிவு சார்ந்த பல எழுத்துகளில் இதை எழுதலாம். பெண்களுக்கும் வைப்பதுண்டு என்றாலும் அது விதிவிலக்கு. இந்தியாவில் இது பெண் பெயராகப் பழகியதில் ஒரு தமிழ்த் தொடர்பு இருக்கிறது: 2011-ல் வந்த ‘மௌனகுரு’வை 2016-ல் ஏ.ஆர்.முருகதாஸ் இந்தியில் எடுத்தபோது நாயகனை நாயகியாக்கிப் படத்துக்கு ‘அகிரா’ என்றே பெயர் வைத்தார். சம்ஸ்கிருதத்தில் அகிரா என்றால் ‘நளினமான வலிமை’ என்று சொல்வதுண்டு, ஆனால் அந்தப் பொருளில் அங்கே அப்படியொரு சொல் கிடையாது.

தமிழில் எழுதுவதிலும் வில்லங்கம். சொல்லின் நடுவில் தனியாக நிற்கும் ககரம் நம் வாயில் மெலிந்துவிடும். ‘அகிரா’ என்று எழுதினால் பாட்டி ‘அஹிரா’ என்பார், அல்லது ‘Agira’ என்று மெலிந்த ஒலியில் கூப்பிடுவார். வல்லினம் வேண்டுமென்று ‘அக்கிரா’ என்று எழுதினால் அடுத்து வருவது அக்கிரமமோ அக்கிரகாரமோ என்று படிப்பவர் காத்திருப்பார். டோக்கியோவில் படிக்கப்போகும் பெண்ணுக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

நவோமியில்தான் விஷயம் சூடுபிடிக்கிறது. விவிலியத்தில் ரூத்தின் மாமியார் பெயர் இது. எபிரேயத்தில் இனிமை என்று பொருள். ஜப்பானிலோ இது தன் சொந்த எழுத்துகளோடு, நேர்மை, அழகு என்ற பொருளில், தனியாக வாழும் பெயர். இரண்டுக்கும் உறவு இல்லை, ஒலி மட்டும் ஒத்துப்போனது. ஜப்பானியர் ந-ஒ-மி என்று மூன்று சம அளவுகளாகச் சொல்வார்கள். 1960-களின் இறுதியில் அங்கே பெண் குழந்தைகளுக்கு மிகவும் விரும்பி வைத்த பெயர்களில் ஒன்று. அதனாலேயே இன்று அது அத்தைமார் பெயர். நம்மூரில் விஜயலட்சுமி எந்தத் தலைமுறையைச் சொல்கிறதோ, ஏறக்குறைய அந்தத் தலைமுறை. அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே அண்மைக்காலமாகப் பெண் பெயர்களின் முதல் நூறுக்குள் இருக்கிறது. டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா இரண்டு உலகுக்கும் பொதுவானவர்: தாய் ஜப்பானியர், தந்தை ஹெய்ட்டியர், பிறந்தது ஒசாகாவில், 2018-ல் அமெரிக்க ஓப்பன் கோப்பையை வென்றார். ஆண் நவோமிகளும் உண்டு என்பது உபரித் தகவல். 1978-ல் நாய் வண்டியில் தனியாக வட துருவத்தை அடைந்த சாகசப் பயணி உயேமுரா ஓர் ஆண் நவோமி.

தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு விவிலியத்தில் அந்த மாமியார் ‘நகோமி’ ஆகியிருக்கிறார், கிறிஸ்தவக் குடும்பங்களில் அந்த வடிவம் இன்றும் வழங்குகிறது. ஜப்பானிய மொழியிலும் நகோமி என்று ஒரு சொல் இருக்கிறது. மனம் இளகி அமைதி கொள்ளும் நிலை! யாரும் திட்டமிடாத இந்தப் பொருத்தம் நான்கு பெயர்களின் பட்டியல் பொருள்கள் எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது.

ஹனா சின்னப் பெயர், சின்னதாகவே முடிக்கலாம். பூ என்பது முதல் பொருள். அரபியில் மகிழ்ச்சி, கொரிய மொழியில் ஒன்று, செக் நாட்டில் யோஹனாவின் சுருக்கம். நூறாண்டுக்கு முந்தைய மெய்ஜி காலத்தில் பரவலாக இருந்து பிறகு பாட்டிமார் பெயராகிப்போனது, இப்போது இளம் பெற்றோரிடம் திரும்பியிருக்கிறது. ‘கோ’ சேர்த்து ஹனாகோ ஆக்கினால்தான் சிக்கல். விண்ணப்பப் படிவ மாதிரிகளில் நிரந்தரமாக வாழும் ‘யமதா ஹனாகோ’ நினைவுக்கு வருவார், பள்ளிக் கழிவறையில் குடியிருக்கும் ஹனாகோப் பேயும் வரும். ஜப்பானிய மொழியில் மூக்கும் ஹனாதான். பெயராகும்போது முதல் அசையை உயர்த்திச் சொல்வதால் கேலி பிறப்பதில்லை. ஜப்பானியர் காதுக்கு இன்றைய பெண் குழந்தையாகவே ஒலிப்பது நான்கில் இது ஒன்றுதான். என் வாக்கும் இதற்கே.

டோக்கியோவின் நிஷி கசாய் போன்ற இந்தியர் நிறைந்த பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கான்ஜித் தலைவலி கிடையாது. ஜப்பானியக் குடியுரிமை இல்லாதவர்கள் கோசெகியில் சேர்வதில்லை, குழந்தையின் பெயர் பள்ளியில் கதகானாவில் எழுதப்படும். அவர்கள் பார்க்க வேண்டியது வேறு. ஜப்பானிய மொழியில் லகரம் இல்லை, ரகரமே இரண்டு வேலையும் பார்க்கும். ஆசையாக வைத்த நிலா, வகுப்பில் ‘நிரா’ ஆவாள். நிரா என்பது காய்கறிக் கடையில் கட்டுக்கட்டாக விற்கும், பூண்டு வாசம் வீசும் கீரை. உமா என்றால் குதிரை. மீனாவுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அங்கே ‘மினா’ என்று குறிலில் ஜப்பானியப் பெண்களே இருக்கிறார்கள், நெடிலில் எழுதினால் மட்டும் வெளியூர்ப் பெண் என்று தெரிந்துவிடும்.