அன்கோனாவில் ஒரு பகல் கிடைத்தால் மோலேக்குப் போங்கள்

இத்தாலியில் இருக்கிற சொந்தக்காரரைப் பார்க்கப் போகிற மட்டக்களப்பு ஆட்கள் ரோம், வெனிஸ், பீசா கோபுரம் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம். அன்கோனா என்று சொன்னால் "அது கிரேக்கத்துக்குக் கப்பல் ஏறுற இடம், அங்க என்ன கிடக்கு" என்பார்கள். கப்பல் ஏறுகிற இடம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் துறைமுகத்துக்குள்ளேயே தண்ணீருக்கு நடுவில் ஐந்து மூலையோடு ஒரு பெரிய செங்கல் கட்டடம் நிற்கிறது. பெயர் மோலே வான்விதெல்லியானா, பழைய பெயர் லாசரெத்தோ. கப்பலில் வந்தவர்களையும் சாமான்களையும் ஊருக்குள் விடாமல் தடுத்து வைத்திருந்த நோய்த்தடுப்பு ஆஸ்பத்திரி அது. இப்போது கண்காட்சி, இசை, நாடகம், கோடையில் திறந்தவெளிப் படம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தொடு மியூசியம். என் கணக்கில் வெனிஸின் கூட்டத்துக்குள் நெரிபடுவதைவிட இங்கே ஒரு பகல் இருப்பது மேல்.

கொஞ்சம் வரலாறு சொல்லாவிட்டால் கட்டடம் விளங்காது. 1732இல் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளமெந்து அன்கோனாவுக்குத் தீர்வையில்லாத் துறைமுகம் என்ற சலுகையைக் கொடுத்தார். தீர்வை இல்லையென்றால் கப்பல் வரும், கிழக்கிலிருந்து கப்பல் வந்தால் பிளேக்கும் கூடவே வரலாம். அதனால் அடுத்த வருடமே லூயிஜி வான்விதெல்லியைக் கூப்பிட்டுக் கடலுக்குள் ஒரு செயற்கைத் தீவை எழுப்பி, அதன்மேல் இதைக் கட்டச் சொன்னார்கள். அப்போது அவருக்கு வயது 33. பின்னாளில் கசேர்த்தா அரண்மனையைக் கட்டிய அதே ஆள்தான். அவருடைய அப்பா யார் தெரியுமா, காஸ்பர் வான் விட்டெல் என்ற ஒல்லாந்து ஓவியர், ரோமுக்கு வந்து தங்கி, பெயரையும் இத்தாலியமாக்கிக்கொண்டவர். நமக்கு ஒல்லாந்தர் என்றால் வாவிக்கரைக் கோட்டைதான் ஞாபகம் வரும், இங்கேயும் ஒரு ஒல்லாந்தன் பிள்ளை தண்ணீருக்குள் மதில் கட்டியிருக்கிறான் பாருங்கள்.

ஏன் இவ்வளவு பயம் என்று கேட்டால், 1720இல் பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் நடந்ததை நினைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கப்பல் பிளேக் கண்ட ஊர்களைத் தொட்டுக்கொண்டு பட்டும் பருத்தியும் ஏற்றி வந்தது, வழியிலேயே ஆட்கள் செத்திருந்தார்கள், இருந்தும் வியாபாரிகள் நெருக்கியதால் சரக்கை உரிய காலத்துக்கு முன்பே வெளியே விட்டுவிட்டார்கள். அந்த நகரத்தில் ஏறத்தாழ பாதிச் சனம் செத்துப் போனது. அன்கோனாக்காரர் மதில் எழுப்பும்போது அந்தக் கதை பத்துப் பன்னிரண்டு வருடம்தான் பழசு. ஆகவே ஆட்களுக்கு அறை இருந்த அளவுக்குச் சாமானுக்கும் களஞ்சியம் இருந்தது. இரும்பும் மரமும் அவ்வளவு ஆபத்தில்லை, துணி, கம்பளி, பஞ்சு என்றால்தான் சந்தேகம், விரித்துக் காற்றாட விட வேண்டும், கடிதத்தைக்கூடப் புகை காட்டித்தான் கொடுப்பார்கள். உண்ணி, தெள்ளு பற்றியெல்லாம் அப்போது யாருக்கும் தெரியாது, தெள்ளுதான் பிளேக்கைக் கடத்துகிறது என்று கண்டது 1898இல், ஆனாலும் துணியைச் சந்தேகப்பட்டது சரியாகத்தான் போயிருக்கிறது. கட்டி முடிந்த 1743ஆம் வருடமே தெற்கில் மெசீனாவில் பிளேக் வந்தது, ஆக வீண் செலவென்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

இன்றைக்கு மூன்று பாலங்களில் நடந்தே உள்ளே போகலாம். அந்தக் காலத்தில் தோணிதான். வெளியிலிருந்து பார்த்தால் கோட்டை, முழுக்க முழுக்கக் கோட்டை, மதிலில் சரிவு, கடல்பக்க மூலையில் பீரங்கிக்கு அரண். உள்ளே போய் நடு முற்றத்தில் நின்றதும்தான் இது ஆள் வசித்த இடம் என்று தெரிகிறது. ஏறக்குறைய 20,000 சதுர மீற்றர் இடம், ஒரே நேரத்தில் 2,000 பேர் வரை வைத்திருக்கலாமாம். முற்றத்தின் நடுவில் சின்னக் கோயில் ஒன்று, புனித ரோக்குக்கு. தமிழ்க் கத்தோலிக்கர் ஆரோக்கியநாதர் என்று கும்பிடுகிறார்களே, அவர்தான், கொள்ளைநோய்க்குக் காவல். அடியில் மழைநீரைச் சேர்த்து வைக்கிற நிலத்தடித் தொட்டிகள், சுற்றிவர உப்புத் தண்ணீர் இருக்கும்போது குடிக்கிறதுக்கு வேறு வழியில்லை. தண்ணீரும் சாமியும் ஒரே இடத்தில். வைகாசியில் நோய் அண்டாமலிருக்கக் கண்ணகி அம்மனைத் தண்ணீரால் குளிரவைத்துக் குளிர்த்தி பாடுகிற ஊரிலிருந்து போனவனுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

பிறகு அது ஆஸ்பத்திரியாகவே இருந்துவிடவில்லை. இராணுவம் வைத்திருந்தது, 1884இலிருந்து சீனி ஆலை, அதன்பிறகு அரசாங்கப் புகையிலைக் கிடங்கு. இருபதாம் நூற்றாண்டு முடிகிற நேரத்தில்தான் நகரசபைக் கைக்கு வந்து திருத்தினார்கள். நல்லவேளை, இடித்துவிட்டு ஹோட்டல் கட்டவில்லை.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒமேரோ தொடு மியூசியம். அல்தோ கிராசீனி, தனியேலா பொத்தெகோனி என்று கண் தெரியாத ஒரு தம்பதி, ஊர் ஊராகப் போய் எந்த மியூசியத்திலும் எதையும் தொட விடாமல் அலுத்துப்போய்க் கேட்டதில் பிறந்தது. 1993இல் அன்கோனா நகரசபை தொடங்கியது, 1999இல் அரச மியூசியமானது, 2012இல் மோலேக்குக் குடிவந்தது. பெரிய சிலைகளின் அச்சு வார்ப்புகள், கட்டடங்களின் மாதிரிகள், இந்தக் காலத்துச் சிற்பிகளின் மூலப் படைப்புகள் என்று வைத்திருக்கிறார்கள். பிரெய்லில் விளக்கமும் உண்டு. கண் தெரிந்தவர்களும் தொடலாம், கண்ணைக் கட்டிக்கொண்டும் சுற்றலாம்.

நான் போனது பெரியப்பாவோடு. சீனி வருத்தத்தால் பார்வை போய்விட்டது, மகனோடு அங்கேதான் இருக்கிறார். மியூசியம் என்றதும் "நான் வந்து என்னத்தக் காண, நீங்க பாத்திட்டு வாங்க, நான் வெளியில இருக்கன்" என்றார். இழுத்துக்கொண்டு போனோம். அவர் ஊரில் மேசன். முதல் சிலையிலேயே விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "இது கல்லில்ல மனே, சாந்து" என்றார். வார்ப்புத்தானே, சொன்னது சரி. மைக்கலாஞ்சலோ செதுக்கிய தாவீதின் தலை ஒன்று இருக்கிறது. சுருள் மயிரைத் தடவினார், புருவத்துக்கு வந்தார், கண்ணுக்கு வந்ததும் விரல் உள்ளே போனது. "கண்மணியக் குடைஞ்சி வெச்சிருக்கானே" என்று இன்னொரு கண்ணையும் தேடிப் போனார். அந்தத் தாவீதை எத்தனை படத்தில் பார்த்திருப்பேன், அந்தப் பார்வை வருவது குழிக்குள் விழுகிற நிழலால் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. இறந்த இயேசுவை மாதா மடியில் வைத்திருக்கிற அவருடைய பியேத்தாவின் வார்ப்பும் உண்டு. மூலம் வத்திக்கானில், 1972இல் ஒருவன் சுத்தியலால் அடித்த பிறகு கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது, எட்ட நின்றுதான் பார்க்கலாம். இங்கே மாதாவின் சீலை மடிப்புக்குள் கையை விட்டு எவ்வளவு ஆழம் என்று அளக்கலாம். பெரியப்பா அதைவிட ஏதென்சின் பழைய கோயிலான பார்த்தினோனின் மாதிரியில்தான் அதிக நேரம் நின்றார். முகப்பில் எட்டுத் தூண், பக்கத்தில் பதினேழு, விரலால் எண்ணி முடித்துவிட்டு, மூலைத் தூணை ரெண்டு தரம் எண்ணக் கூடாது என்று எனக்குப் பாடம் வேறு. பேதுரு ஆலய மாதிரியில் குவிமாடத்தைக் கையால் மூடிக்கொண்டு "இதின்ட பாரம் எங்க இறங்குது" என்று கேட்டார், வழிகாட்டிப் பெண்ணுக்கு அண்ணா மொழிபெயர்த்தான், அவள் சந்தோசத்தில் நாலு தூணுக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். வெளியில் இருக்கப் போகிறேன் என்ற ஆள் கடைசியில் வர மாட்டேன் என்றார்.

இந்த ஒரு மியூசியத்துக்காகவே போகலாம் என்பேன். மற்றக் கண்காட்சிகள் காலத்துக்குக் காலம் மாறும், நான் போனபோது இருந்த நவீன ஓவியங்கள் எனக்கு ஏறவில்லை, அது என் ரசனைக் குறை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவை தொங்கிய மண்டபம், அந்தச் செங்கல் வளைவுகள், சரக்குக்காகக் கட்டிய தடித்த சுவர், அதையே பார்த்துக்கொண்டு நிற்கலாம். கோடைகால இரவில் முற்றத்தில் நிகழ்ச்சி இருந்தால் விடாதீர்கள். அங்கே ஒரு வடமோடிக் கூத்து ஆடினால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், நம்முடைய வட்டக்களரிக்கு நடுவில் கோயில் நிற்கும், கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். கொரோனா வந்த 2020 மார்ச்சில் இத்தாலியிலிருந்து வந்தவர்களைக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றி நேரே நம்முடைய புணானைக்குக் கொண்டுவந்து பதினாலு நாள் வைத்தார்களே, ஞாபகம் இருக்கும். ஊரில் எவ்வளவு எதிர்ப்பு. அந்த நேரத்தில் பேசிய பேச்செல்லாம் மார்சேயிலும் அன்கோனாவிலும் பேசிய பேச்சுத்தான், காலம்தான் வேறு. அதைத் தாண்டி வந்தவர்களுக்கு இந்தக் கட்டடத்தின் அறைகள் வேறு மாதிரித் தெரியும்.

படங்களைப் போட்டதும் ஊரில் இருந்து வந்த முதல் கேள்வி, நம்முடைய தொழுநோய் ஆஸ்பத்திரித் தீவான மாந்தீவை இப்படிச் செய்யலாமே என்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. லாசரெத்தோவில் இருந்தவன் நாளை எண்ணிக்கொண்டிருந்தான், முடிந்ததும் சாமானைத் தூக்கிக்கொண்டு போனான். வாவிக்குள் மாந்தீவுக்குக் கொண்டுபோன தொழுநோயாளருக்கு எண்ணுகிறதுக்கு நாளே இருக்கவில்லை, பலருக்கு அதுவே வீடு. 1980களில் கூட்டு மருந்து வந்த பிறகு அப்படி ஆளைப் பிரித்து வைக்கத் தேவையே இல்லாமல் போனது. அங்கே மேடை போடுவதற்கு முன்னால், இருந்தவர்களின் கதையை அவர்கள் வாயால் பதிவு செய்வதுதான் முதல் வேலை. மேடைதான் வேண்டுமென்றால் கோட்டை இருக்கிறது. பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், 1628இல் கட்டியது, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்தது, நெடுங்காலம் கச்சேரியாக, அதாவது அரசாங்க அலுவலகமாக, இருந்தது, மதில், முற்றம், வாவிக் காற்று, எதுவும் குறைவில்லை. அதில் ஒரு மூலையில் கூத்து உடுப்பு, கிரீடம், மத்தளம் எல்லாம் தொட்டுப் பார்க்கிற மாதிரி வைத்தாலே போதும், கண் தெரியாத பிள்ளைகளுக்கு மட்டுமா, நம் எல்லாருக்கும்தான்.

போகிற வழி லேசு. ரயிலில் அன்கோனா ஸ்டேசனில் இறங்கித் துறைமுகப் பக்கமாக நடந்தாலே வந்துவிடும். திறக்கிற நேரம் காலத்துக்குக் காலம் மாறுவதால் போக முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடி ஆவணி மத்தியான வெயிலில் அந்த முற்றத்தில் நிற்க முடியாது, செங்கல் சூடு மேலே வரும், காலையிலோ பின்னேரமோ போங்கள். துறைமுகத்தின் மற்ற முனையில் கி.பி. 115இல் எழுப்பிய ரோமச் சக்கரவர்த்தி திராயானுடைய வளைவும், அதற்குப் பக்கத்தில் வான்விதெல்லியே கட்டிய கிளமெந்து வளைவும் இருக்கின்றன, கால் வலிக்காவிட்டால் அதையும் பார்க்கலாம். பசித்தால் ஸ்டோக்காபிஸ்ஸோ கேளுங்கள், நோர்வேக் குளிரில் காயவைத்த கொட் மீனை உருளைக்கிழங்கும் தக்காளியும் எண்ணெயும் போட்டு மெல்லிய நெருப்பில் வேகவைப்பார்கள், கருவாடு தின்று வளர்ந்த நமக்கு அது புதுச் சாப்பாடே இல்லை. பெரியப்பா முழுப் பிளேட்டையும் முடித்துவிட்டு உறைப்புக் காணாது என்றார். கொச்சிக்காய்த் தூள் ஒரு பொட்டலம் பையில் இருந்தால் நல்லது.