வெண்காரமா, ஃபிரிட்டா? மூன்று வருடம் கலக்கிய அனுபவம்

குடியாத்தத்தில் சூளை வைத்திருக்கும் நண்பர் போன வாரம் கூப்பிட்டார். "அண்ணா, வெள்ளை ஸ்லிப்புக்கு வெண்காரமே போதுமா, ஃபிரிட் வாங்கித்தான் ஆகணுமா?" ஸ்லிப் என்பது பானைமேல் பூசும் களிமண் குழம்பு. அது சூளையில் இளகிப் பானையோடு ஒட்ட, உருகும் பொருள் ஒன்று கலக்க வேண்டும்; வெண்காரமும் ஃபிரிட் என்ற கண்ணாடித் தூளும் அதற்குத்தான். கேட்ட நேரம் சரியில்லை. டிரம் அடியில் கல்லாகிப் போன ஃபிரிட்டை அப்போதுதான் கரண்டியால் பெயர்த்துக்கொண்டிருந்தேன்.

காட்பாடி தாண்டி எங்கள் கொட்டகையில் செம்மண் பானைகளை 1020 டிகிரியில் சுடுகிறோம். ஸ்லிப்பில் கலக்கும் பெல்ஸ்பார் என்ற கல்தூள் அந்தச் சூட்டுக்கு அசையாது, அது இளக 1150-க்கு மேல் வேண்டும். வெறும் பெல்ஸ்பார் போட்ட காலத்தில் பானையைத் தொட்டால் விரலில் சாக்பீஸ் மாதிரி ஒட்டும்.

அப்புறம்தான் நாட்டு மருந்துக் கடை வெண்காரம். 740 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும், நல்லதுதான். ஆனால் தண்ணீரில் கரைகிறதே! கத்திரி வெயிலில் பானையின் வாய்விளிம்புதான் முதலில் காயும். அங்கே ஏறும் தண்ணீரோடு வெண்காரமும் ஏறிவிடும். விளிம்பு முழுக்க உப்புப் பூத்தது போல மினுமினுப்பு. சுட்டால் விளிம்பு கண்ணாடியாகிவிடும், வயிற்றுப் பகுதி பழையபடி சாக்பீஸ். மார்கழியில் வேறு கூத்து: வெந்நீரில் கரைத்து வைத்தது ராத்திரிக் குளிரில் வாளி அடியில் கற்கண்டாக நிற்கும்.

ஃபிரிட் என்பது வெண்காரத்தில் இருக்கும் அதே போரானையும் சிலிக்காவையும் முன்பே உருக்கி, தண்ணீரில் கொட்டி நொறுக்கி, அரைத்த கண்ணாடி. கிட்டத்தட்டக் கரையாது. நூறுக்குப் பதினைந்து பங்கு போட்டேன். விளிம்பிலிருந்து அடிவரை ஒரே வெள்ளை. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாலும் துணி சுத்தமாகவே வந்தது. அந்த முதல் கூஜாவை இன்னும் விற்கவில்லை.

குறை ஒன்றுதான், அதுதான் உயிரை வாங்குகிறது. கண்ணாடித் தூள் களிமண் மாதிரி மிதந்து நிற்காது. இரண்டு நாள் கலக்காமல் விட்டால் அடியில் இறுகிவிடும். அரை ஸ்பூன் எப்சம் உப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றினால் ஸ்லிப் லேசாகக் கெட்டிப்படும், படிவதும் மெத்தென்று படியும். பெண்டோனைட் என்ற நுண்ணிய களிமண்ணை உலர் பொடியிலேயே நூறுக்கு இரண்டு சேர்த்தால் இன்னும் நல்லது. இரண்டும் செய்தவன்தான் நான். ஊர்த் திருவிழாவுக்கு பத்து நாள் கொட்டகையைப் பூட்டிவிட்டு வந்தேன், மறுபடியும் பாறை. கலக்குகிற கம்பியும் வளைந்துவிட்டது.

எரிச்சலில் நண்பரிடம் "பேசாம வெண்காரமே போடுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதே மத்தியானம் இன்னொரு 25 கிலோ ஃபிரிட் மூட்டைக்குப் பணம் கட்டியதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.