புறக்கோட்டை முத்திரைக் கடை: மலாயா மேலச்சுகள்

ஜப்பானியர் பிடித்த மலாயாவின் முத்திரைகளுக்கு இந்தச் சின்னக் கடையை நம்பிப் போகலாம், கையில் பத்து மடங்கு லென்ஸ் இருந்தால். ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலைக்குக் குறுக்கே 'டாய் நிப்பொன் 2602 மலாயா' என்று பிறகு மேலே அச்சிட்டவை, அதாவது மேலச்சு விழுந்தவை, நிறைய உண்டு. டாய் நிப்பொன் என்றால் பெரும் ஜப்பான்; 2602 ஜப்பானிய ஆண்டு, நமக்கு 1942.

போலிகள் மலிந்த துறை இது. பாவித்த முத்திரையில் தபால் குத்தின் மை அடியிலும் மேலச்சு அதன் மேலும் கிடந்தால் வாங்கவே வேண்டாம்: பழைய முத்திரையில் பிறகு அடித்தது. மேலச்சைக் கையால் குத்திய வகைகளைத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், மை கலங்கலாம்.

பிரான்ஸ் கரையோரம் உள்ள, பிரித்தானிய முடிக்குரிய குவர்ன்சித் தீவின் பாதி முத்திரைகளும் இருக்கின்றன. ஜேர்மன் ஆக்கிரமிப்பில் ஒரு பென்னி முத்திரை தீர்ந்துபோக, 1940 டிசம்பர் முதல் இரண்டு பென்னி முத்திரையை மூலைக்கு மூலை குறுக்கே வெட்டி ஒட்ட அனுமதித்தார்கள். முழு உறையோடு, வெட்டு விளிம்பைத் தாண்டிக் குத்து உறையிலும் விழுந்திருந்தால் மட்டுமே காசு கொடுங்கள். தனித் துண்டு வெறும் கடதாசி.

குறை ஒன்று: பாவிக்காத முத்திரைகளை பிளாஸ்டிக் உறைகளில் நெருக்கி அடுக்கியிருக்கிறார்கள். கொழும்புப் புழுக்கத்தில் பசை இளகி ஒட்டிவிடும், கபிலப் புள்ளியும் விழும். பின்பக்கத்தைக் கட்டாயம் திருப்பிப் பாருங்கள். கேட்டால் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டுகிறார்கள்.