டிஸ்னி வேர்ல்டில் முன்பணச் சாப்பாடு: மதுரைக் குடும்பத்துக்குக் கட்டுபடியாகுமா?

மதுரையில் மெஸ் கார்டு என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. சிம்மக்கல், கோரிப்பாளையம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் மாதம் பிறந்ததும் பணத்தைக் கட்டி அட்டை வாங்கிக்கொள்வார்கள். வேளைக்கு ஒரு கட்டம், சாப்பிட்டதும் கல்லாவில் பேனாவால் ஒரு கோடு. சோறு, சாம்பார், ரசம், மோர், ஒரு பொரியல் அதில் அடக்கம். ஆம்லெட், சுக்கா, மீன் வறுவல் கேட்டால் தனிக்காசு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் விற்கும் ‘டிஸ்னி டைனிங் பிளான்’ அடிப்படையில் இதே மெஸ் கார்டுதான். ஆனால் எது அடக்கம், எது தனி என்ற கோட்டை அங்கே வேறு இடத்தில் போட்டிருக்கிறார்கள். நம்ம ஊர்க் குடும்பங்கள் பணத்தை விடுவது அந்தக் கோட்டில்தான்.

மே மாத விடுமுறையில் மகனையோ மகளையோ பார்க்கப் போகிறவர்களுக்கு டிக்கெட், அறை, சாப்பாடு எல்லாம் ஒரே பேக்கேஜாகக் காட்டப்படும். சாப்பாட்டுக் கட்டத்தில் டிக் அடிப்பதற்கு முன் கீழே உள்ள கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

திட்டம் இரண்டு வகை. சின்னது குயிக் சர்வீஸ் திட்டம்: கவுன்டரில் வாங்கிச் சாப்பிடும் சாப்பாடு இரண்டு, ஒரு நொறுக்குத்தீனி. பெரியது, உட்கார்ந்து பரிமாறச் சொல்லிச் சாப்பிடும் டேபிள் சர்வீஸ் ஒன்று, கவுன்டர் சாப்பாடு ஒன்று, நொறுக்குத்தீனி ஒன்று. இந்த அளவு ஒரு ஆளுக்கு, ஓர் இரவுக்கு. நாளுக்கு அல்ல. 5 இரவு, 6 பகல் தங்கினால் 5 பங்குதான் கிடைக்கும். இரண்டு வகையிலும் தங்கும் காலம் முழுக்கக் குளிர்பானம், காபி, டீ நிரப்பிக்கொள்ள ஒரு குவளை உண்டு. அந்தக் குவளை தங்கும் விடுதியில்தான் செல்லும், பூங்காவுக்குள் செல்லாது. மொத்த டோக்கனையும், அதாவது அவர்கள் சொல்லும் கிரெடிட்டை, அறைக்குள் நுழையும்போதே கணக்கில் ஏற்றிவிடுவார்கள். ஒரே நாளில் மூன்றைச் செலவழிக்கலாம், ஒரு நாள் முழுக்கத் தொடாமலும் இருக்கலாம். அறையைக் காலி செய்யும் நாள் நள்ளிரவோடு மிச்சம் காலாவதி.

இந்தத் திட்டம் 2005-ல் தொடங்கியது. கொரோனாவுக்காக 2020-ல் பூங்கா மூடியபோது நின்று, 2024 ஜனவரி 9 முதல் திரும்ப வந்தது. அந்த ஆண்டு விலை: சின்னத் திட்டம் பெரியவருக்கு 57.01 டாலர், குழந்தைக்கு 23.83, பெரிய திட்டம் பெரியவருக்கு 94.28, குழந்தைக்கு 29.69. எல்லாம் ஓர் இரவுக்கு. விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும். கணக்குப் போடும் முறை மாறாது. வரி இதற்குள் அடக்கம்.

குழந்தை என்றால் அங்கே 3 முதல் 9 வயது. 10 வயது முடிந்த பிள்ளைக்குப் பெரியவர் விலை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அப்பாவுக்குச் சமமாக 94 டாலருக்குச் சாப்பிடப் போவதில்லை. அதோடு, ஒரே அறையில் தங்கும் 3 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும், தங்கும் எல்லா இரவுக்கும் திட்டம் வாங்கியாக வேண்டும். ‘எனக்கு மட்டும் போதும், பாட்டிக்கு வேண்டாம்’ என்பது நடக்காது. தாத்தா பாட்டிக்குத் தனி அறை, தனி முன்பதிவு என்றால் அவர்களைத் திட்டத்தில் சேர்க்காமல் விடலாம்.

கணவன், மனைவி, 12 வயது மகன், 7 வயது மகள், 5 இரவு என்று வைத்துக்கொள்வோம். பெரிய திட்டம் மூன்று பெரியவர் விலை, ஒரு குழந்தை விலை: இரவுக்கு 312.53, ஐந்து இரவுக்கு 1,562.65 டாலர். டாலர் 84 ரூபாய் என்று பிடித்தால் 1,31,000 ரூபாயைத் தாண்டுகிறது. சின்னத் திட்டம் 974.30 டாலர், கிட்டத்தட்ட 82,000 ரூபாய். இத்தனைக்கும் டிப்ஸ் இதில் இல்லை.

இந்தப் பணத்துக்கு ஈடாக எவ்வளவு சாப்பிட முடியும்? டேபிள் சர்வீஸ் கிரெடிட்டில் வருவது ஒரு பிரதான உணவு, ஓர் இனிப்பு, ஒரு பானம். 2018 முதல் அந்தப் பானம், 21 வயதானவர்களுக்கு, பீராகவோ ஒயினாகவோ காக்டெய்லாகவோ இருக்கலாம். கோடு விழும் இடம் இதுதான். மாட்டிறைச்சி ஸ்டேக் 55 டாலர், இனிப்பு 10, காக்டெய்ல் 18 என்றால் ஒரு கிரெடிட் 83 டாலருக்குச் செல்கிறது. கவுன்டர் சாப்பாட்டில் ஒரு பர்கரும் பீரும் 28, நொறுக்குத்தீனி 7, குவளையின் ஒரு நாள் பங்கு 4 என்று சேர்த்தால் 122 டாலர். 94 கொடுத்தவருக்கு நல்ல லாபம். அதே மேசையில் சைவம் சாப்பிடுபவர், மது தொடாதவர் உட்கார்ந்தால் பாஸ்தாவோ காய்கறித் தட்டோ 25, இனிப்பு 10, சோடா 5. கவுன்டரில் 19, நொறுக்குத்தீனி 6, குவளை 4. ஆக 69. ஃபுளோரிடாவில் அந்த வட்டார விற்பனை வரி 6.5 சதவீதம் சேர்த்தாலும் 74 டாலருக்குள் அடங்குகிறது. ஒரு ஆளுக்கு, ஓர் இரவுக்கு 20 டாலர் தண்டம். விலையெல்லாம் தோராயந்தான், ஓட்டலுக்கு ஓட்டல் ஏறி இறங்கும். ஆனால் தட்டுக்குத் தனி விலை போடும் ஓட்டல் எதிலும் சைவத் தட்டும் சோடாவும் ஸ்டேக்கையும் காக்டெய்லையும் எட்டிப் பிடிக்காது.

ஆகவே சைவக் குடும்பம், அதிலும் 10 வயதைத் தாண்டிய பிள்ளைகள் இருந்தால், பெரிய திட்டம் வேண்டவே வேண்டாம். சின்னத் திட்டமும் இதே கணக்கில் 51 டாலர் சாப்பாட்டுக்கு 57 வாங்குகிறது. இழப்பு சிறியது, கையில் பணம் எடுக்காமல் சுற்றலாம் என்ற நிம்மதிக்கு அந்த 6 டாலரைக் கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள் கொடுக்கலாம்.

யாருக்கு லாபம் என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு பெரியவர்கள், இரண்டு சின்னக் குழந்தைகள், மிக்கி மவுஸ் மேசைக்கு வந்து கைகுலுக்கும் பஃபே சாப்பாட்டைத் தினமும் சாப்பிடத் திட்டமிட்டிருந்தால் பெரிய திட்டம் சரிவரும். கன்டெம்பரரி விடுதியில் உள்ள ‘ஷெஃப் மிக்கீஸ்’ இரவு பஃபே பெரியவருக்கு 60 டாலரைத் தாண்டும், ஆனால் ஒரே கிரெடிட்தான். குழந்தைக்கான பஃபே விலை ஒன்றே அதன் 29.69-ஐ விழுங்கிவிடும். 2026-க்கு டிஸ்னி அறிவித்த சலுகையில், பெரியவர்கள் திட்டம் வாங்கும் பேக்கேஜில் 3 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்குத் திட்டம் இலவசம். அது கிடைத்தால் கணக்கு இன்னும் சாதகமாகும். தள்ளுபடி அறையோடு இது சேருமா என்பதை முன்பதிவுப் பக்கத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

டிப்ஸ் கணக்கைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். தொடக்கத்தில் ஸ்டார்ட்டரும் டிப்ஸும் திட்டத்துக்குள்ளேயே இருந்தன. 2008-ல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் பில் வரும். அதில் சாப்பாட்டு விலை அச்சாகி, கிரெடிட் கழிக்கப்பட்டு, டிப்ஸ் வரி மட்டும் காலியாக இருக்கும். அந்த ஊர் வழக்கப்படி முழு விலைக்கு 18 முதல் 20 சதவீதம். நால்வர் சாப்பாட்டுக்கு 200 டாலர் பில் என்றால் 36 முதல் 40 டாலர், ஐந்து இரவுக்கு 200 டாலர் வரை. ஆறு பேரோ அதற்கு மேலோ உட்கார்ந்தால் 18 சதவீதத்தை அவர்களே போட்டுவிடுவார்கள். பார்க்காமல் மறுபடி எழுதி இரண்டு முறை கொடுத்துவிடாதீர்கள்.

இனி, இந்தத் திட்டம் ஓட்டல்களை என்ன செய்கிறது என்பது. கொடைக்கானல் ரிசார்ட்டுகளில் தங்கியவர்களுக்கு இது பழக்கமான சங்கதி. அங்கே சிபி என்றால் அறையோடு காலை உணவு, எம்ஏபி என்றால் காலையும் இன்னொரு வேளையும், ஏபி என்றால் மூன்று வேளையும். அறைகளில் பெரும்பகுதி எம்ஏபி-யில் போயிருந்தால் சமையலறை தலைக்கணக்கைப் பார்த்துப் பஃபே போட்டுவிடும். அதில் சேராதவர் மெனுவைப் பார்த்து ஆர்டர் கொடுத்தால் அந்த ஒரு தட்டுக்காக அடுப்பைத் திருப்ப வேண்டியிருக்கும். தாமதமாகும், ‘சார், பஃபேயே எடுத்துக்கங்களேன்’ என்பார்கள். முன்பணம் கட்டியவரின் பசிக்கு ஏற்ப அடுப்பு அமைந்துவிடுகிறது.

டிஸ்னியில் இது வேறு வடிவம் எடுக்கிறது. கையில் கிரெடிட் இருப்பவர் மெனுவின் வலது ஓரத்தைப் பார்ப்பதில்லை. எல்லாம் ஒரு கிரெடிட் என்றால் அதிக விலைத் தட்டைத்தான் கேட்பார். ஸ்டேக்கும் மீனும் அதிகம் போக, சமையலறையின் செலவு ஏறுகிறது, மெனு விலையும் ஏறுகிறது. அந்த ஏற்றத்தைத் திட்டம் வாங்கியவர் உணர்வதே இல்லை. காசு கொடுத்துச் சாப்பிடுபவர்தான் சுமக்கிறார். எல்லா வகைக் குடும்பத்தையும் ஒரே கிரெடிட்டில் திருப்திப்படுத்த வேண்டியிருப்பதால் ஒரு ஸ்டேக், ஒரு கோழி, ஒரு மீன், ஒரு பாஸ்தா என்று மெனுக்கள் ஒன்றைப் போல ஒன்று ஆகின்றன என்ற பழைய குறையிலும் நியாயம் இருக்கிறது. அடுத்தது இனிப்பு. ஏற்கெனவே காசு கட்டியாயிற்று என்பதால் வயிறு நிறைந்த பிறகும் வாங்குவார்கள், இரண்டு கரண்டி எடுத்துவிட்டு வைத்துவிடுவார்கள். அதற்குள் மேசை இன்னொரு இருபது நிமிடம் பிடிபட்டுவிடும், வாசலில் அடுத்த குடும்பம் நிற்கும்.

பூங்காவில் உள்ள சின்ட்ரெல்லா கோட்டைக்குள் இருக்கும் ‘சின்ட்ரெல்லாஸ் ராயல் டேபிள்’, கன்டெம்பரரியின் உச்சி மாடியில் ‘கலிபோர்னியா கிரில்’ போன்ற இடங்களில் ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு டேபிள் கிரெடிட் போகும். ஐந்து இரவுக்கு ஐந்து கிரெடிட் வைத்திருப்பவர் அங்கே ஒருமுறை போனால் ஓர் இரவு கவுன்டரில்தான் சாப்பிட வேண்டும். முதலிலேயே எண்ணி வையுங்கள்.

கிரெடிட் இருந்தாலும் இடம் கிடைத்துவிடாது. டேபிள் ஓட்டல்களுக்கு 60 நாள் முன்பே பதிவு திறக்கிறது. டிஸ்னி விடுதியில் தங்குபவர்கள் அறைக்குள் நுழையும் தேதியிலிருந்து 60 நாள் எண்ணி, பத்து நாள் வரையான எல்லா வேளையையும் ஒரே மூச்சில் பதியலாம். மே 20 நுழைவு என்றால் மார்ச் 21. ஆர்லாண்டோவில் காலை 6 மணி வாக்கில் திறக்கும், மதுரையில் அப்போது பிற்பகல் 3:30. குளிர்காலத்தில் 4:30. கணக்கு திறந்து, கார்டு விவரம் ஏற்றி, வேண்டிய ஓட்டல்களை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு உட்காருங்கள். கிடைக்கக் கடினமானதையும் கடைசி நாட்களுக்கானதையும் முதலில் பதியுங்கள். தங்கலின் கடைசி நாட்கள்தான் பதிவில் எட்டத்தில் இருப்பவை, அவற்றை மற்றவர்கள் இன்னும் எடுத்திருக்க மாட்டார்கள். பெரும்பாலான ஓட்டல்களில் இரண்டு மணி நேரத்துக்கு முன் ரத்து செய்யாமல் போகாமல் இருந்தால் ஆளுக்கு 10 டாலர் பிடிப்பார்கள்.

முதல் இரவுக்கு டேபிள் சாப்பாடு பதியாதீர்கள். கோடையில் ஆர்லாண்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை 6 மணி என்றால் மதுரையில் விடியற்காலை 3:30. தட்டு வரும்போது பிள்ளைகள் நாற்காலியிலேயே சாய்ந்துவிடும், கிரெடிட்டும் போகும், டிப்ஸும் போகும். முதல் இரண்டு நாள் கவுன்டர், மூன்றாம் நாளிலிருந்து டேபிள் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

சைவத்துக்கு: மெனுவில் பச்சை இலைக் குறி போட்ட உணவில் இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் இல்லை. 2019-ல் வந்த குறி இது, நம்பலாம். குறி இல்லாத சைவப் பதார்த்தத்தில் முட்டை இருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள். அனிமல் கிங்டம் லாட்ஜில் ‘போமா’ ஆப்பிரிக்க பஃபே ஒரே கிரெடிட், பருப்பும் காய்கறியும் மசாலாவும் நம் நாக்குக்கு ஒத்துப்போகும். அதே வளாகத்தில் ‘சனா’வின் ரொட்டித் தட்டு, ஐந்து வகை ரொட்டியும் தொட்டுக்கொள்ள ஒன்பது வகையும், நம்மவர்கள் தேடிப் போவது. ஆனால் அது ஸ்டார்ட்டர் வரிசை. ஸ்டார்ட்டர் திட்டத்தில் சேராது, கையில் காசு வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டம் வாங்காதவர்கள் பூங்காவுக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோகத் தடையில்லை. சூடாக்கத் தேவையில்லாததாக, கண்ணாடிப் பாத்திரம் இல்லாமல் இருந்தால் போதும். அங்கே தங்கியிருக்கும் பிள்ளைகள் வீட்டில் கட்டிய புளியோதரையும் இட்லிப் பொடி தடவிய இட்லியும் மதியம் வரை தாங்கும். குளிர்பான இயந்திரம் உள்ள எந்தக் கவுன்டரிலும் ஐஸ் தண்ணீர் இலவசம், கேட்டால் கோப்பையில் தருவார்கள்.

வாங்கியவர்கள் ஒவ்வொரு முறையும் ரசீதில் மிச்ச எண்ணிக்கையைப் பாருங்கள். பெரியவர் கிரெடிட்டா, குழந்தை கிரெடிட்டா என்று தவறாகக் கழிந்திருந்தால் அங்கேயே சொன்னால்தான் எளிதாகச் சரியாகும். கடைசி நாளில் நொறுக்குத்தீனி கிரெடிட் மிஞ்சினால் விடுதிக் கடையில் நொறுக்குத்தீனிக் குறி போட்ட பொட்டல பிஸ்கட், மிட்டாய் வாங்கிப் பெட்டியில் வையுங்கள். விமானம் மாலையில் என்றால் பூங்காவில் ஐஸ்கிரீம் போன்ற ஒரு அன்னாசி டோல் விப் சாப்பிடவும் நேரம் இருக்கும்.